கொழும்பில் இலையுதிர் காலம் எப்போது வரும்? டீச்சரிடம் கேளுங்கள்

டீச்சர், நான் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கி இரண்டாவது வருடம். எங்கள் நேர்சரியில் மார்ச்சில் வசந்தம், யூலையில் கோடை, ஒக்டோபரில் இலையுதிர் காலம், டிசம்பரில் பஞ்சு ஒட்டிய பனி மனிதன் என்று நாலு பருவமும் செய்தே ஆக வேண்டும். போன வருடம் பஞ்சு ஒட்டும்போது ஒரு பிள்ளை "இது எங்க டீச்சர் பெய்யுது?" என்று கேட்டது. நுவரெலியாவில் என்று சொல்லிச் சமாளித்தேன். வேறு எப்படிச் செய்யலாம்?
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

நுவரெலியாவிலும் அப்படிப் பெய்வதில்லை தங்கச்சி. தை, மாசி விடியலில் சில நாட்கள் புல்லில் உறைபனி படியும், வெயில் வந்ததும் போய்விடும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. புறக்கோட்டையில் வாங்குகிற நாலு பருவப் படம் குளிர் நாட்டுப் பிள்ளைகளுக்காக வரைந்தது, அவர்கள் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை, வெக்கையும் எந்த மாதத்திலும் ஏறத்தாழ அதே வெக்கைதான். மாறுவது மழை, காற்று, கடல், அப்புறம் சந்தையில் வரும் பழம்.

ஆகவே மழையிலிருந்து தொடங்குங்கள். கொழும்பில் ஜனவரி, பெப்ரவரியில் மழை குறைவு. மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் சராசரியாக மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு மில்லிமீற்றர் எதற்கு? பக்கம் நேராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, கவிழ்த்துப் புனல் மாதிரி அதற்குள்ளேயே வையுங்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்குமே, அந்த இடம் நிரம்பக் கொஞ்சக் கூழாங்கல்லும், அது மூடுமட்டும் தண்ணீரும் விட்டு, அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடுதான் பூச்சியம். காலையில் பிள்ளைகள் வந்ததும் கோட்டுக்கு மேலே தண்ணீர் எவ்வளவு உயரமோ அதே உயரத்துக்கு நீலக் காகிதத்தில் ஒரு துண்டு வெட்டி, பிரிஸ்டல் போட்டில் அன்றைய நாளுக்கு நேரே ஒட்ட வேண்டும். மழை இல்லாத நாளில் ஒட்ட ஒன்றும் இருக்காது, அந்த வெற்றிடமும் பதிவுதான், அதை நிரப்பப் பார்க்காதீர்கள். மூன்று வாரம் போனால் சுவரில் ஒரு வரைபடம் நிற்கும், "எந்த நாள் கூட மழை?" என்று கேட்டால் எண் தெரியாத பிள்ளைகூட விரலால் தொட்டுக் காட்டும். ஒரு நாள் செய்து படம் எடுத்துப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்குப் போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவினால் இதில் ஒன்றும் இல்லை.

முக்கியமாக, பார்த்து முடிந்ததும் போத்தலைக் கவிழ்த்து ஊற்றி, அடியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி கோடு வரை நல்ல தண்ணீர் விட்டு வையுங்கள். தினமும். வெள்ளி மதியம் காய வைத்து உள்ளே எடுத்துவிடுங்கள், விடுமுறைக்கு முன்னும் அப்படியே. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஆவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். கொழும்பில் மழைப் பாடம் நடத்துகிற நேர்சரியின் முற்றத்திலேயே புழு இருந்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வேறு பாடம் எடுப்பார். உண்மையில் இதுவே ஒரு வேலையாகட்டும்: மழை விட்டதும் பிள்ளைகள் வரிசையாகப் போய் முற்றத்தில் எங்கெங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, சிரட்டையிலா, யோகட் கோப்பையிலா, பூச்சட்டித் தட்டிலா என்று தேடிக் காட்ட வேண்டும், நீங்கள் ஊற்ற வேண்டும். ஒளித்து விளையாடுவதை விட இதற்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

இலையுதிர் காலம்தான் வேண்டும் என்று பொறுப்பாசிரியை நின்றால், வாதுமை மரத்தைக் காட்டுங்கள், கொழும்பில் கொட்டம்பா என்பார்களே, அதுதான். நம் ஊரில் உதிரும் முன் இலை நன்றாகச் சிவக்கும் மரங்களில் கண்ணில் எளிதாகப் படுவது அது. ஆனால் ஒக்டோபர் என்று பார்த்து அது சிவக்காது, அதற்குத் தோன்றும் நேரத்தில் சிவக்கும், ஒரு மரம் மொட்டையாக நிற்கும்போது பக்கத்து மரம் பச்சையாக இருக்கும். உங்கள் தெருவில் எது எப்போது உதிர்க்கிறது என்று நீங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும். விழுந்த இலைகளைப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, மண்ணிறம் என்று வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் செம்மஞ்சள் மேப்பிள் இலை வெட்டி ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல், செலவும் இல்லை.

நாலு பருவம் வெளிநாட்டுக்காரருடையது, சரி. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கார், கூதிர் என்று நம் ஆறு பருவத்தையும் சொல்லிக் கொடுக்கலாமே?
– வாசகர், பம்பலப்பிட்டி

பெரிய வகுப்பில் தாராளமாக. மூன்று, நாலு வயதில் வேண்டாம், ஏனென்றால் அதுவும் இங்கே பொருந்தாது. கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். கொழும்புப் பிள்ளை அந்த மாதங்களில் பார்ப்பது இடியும் வெள்ளமும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகள் மூழ்கியது இந்த இளவேனிலில்தான். கார்காலமான ஆவணியில் இங்கே மழை குறைவு. நம்முடையது என்பதற்காக ஜன்னலுக்கு வெளியே இல்லாததைச் சொல்லிக் கொடுத்தால் பஞ்சுப் பனிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் நேர்சரி ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில். முற்றம் இல்லை, மண் இல்லை, ஒரு சின்ன பல்கனி மட்டும். கடல் கொஞ்சம் தெரியும். நாங்கள் என்ன செய்வது?
– ஆசிரியை, வெள்ளவத்தை

கடல் தெரிகிறது என்று சொல்லிவிட்டு என்ன செய்வது என்று கேட்கிறீர்களே! மே தொடங்கி செப்டம்பர் வரை உங்கள் கடல் கொந்தளிக்கும், டிசம்பர் தொட்டு மார்ச் வரை பெரும்பாலும் சாதுவாகக் கிடக்கும். கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நாளில், பிள்ளைகள் பல்கனியில் இருந்து பார்த்து "இன்றைக்குக் கடல்" என்று ஒரு படம் வரையட்டும், கோபமாகவா, நித்திரையாகவா, என்ன நிறம். அதைத் திகதியோடு கோர்த்து வையுங்கள். கரைக்குக் கூட்டிப் போக வேண்டியதில்லை, ரயில் பாதையைக் கடந்து இருபது குஞ்சுகளைக் கொண்டு போவது உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பல்கனிக் கம்பியில் ஒரு ரிபன் கட்டினால் காற்று கடலிலிருந்து வீட்டுக்குள் வருகிறதா, தரையிலிருந்து கடலுக்குப் போகிறதா என்று தெரியும். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் உள்ளே வரும், வாடை (வடகிழக்குக் காற்று) நாட்களில் காலையில் கடல் பக்கம் பறக்கும்.

வெயில் விழும் பல்கனி என்றால் நிழலும் கிடைக்கும். ஒரு போத்தலில் தடி நட்டு, ஒரே நேரத்தில், காலை 9 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், நிழலைச் சோக்கால் கீறுங்கள். காலையில் நிழல் கடல் பக்கம்தான் சாயும். டிசம்பரில் அது கொஞ்சம் வடக்கே கோட்டைப் பக்கம் திரும்பி நிற்கும், யூனில் தெற்கே தெஹிவளைப் பக்கம் திரும்பிவிடும். ஏன் என்று விளக்கப் போகாதீர்கள், "முந்தி எங்கே இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஏப்ரல் முதல் வாரம் முடியும்போதும் செப்டம்பர் முதல் வாரத்திலும் கொழும்புக்கு நேர் உச்சியில் சூரியன் வரும், பகல் 12 மணி 10 நிமிடம் போல நட்ட தடிக்கு நிழலே இருக்காது. ஏப்ரலில் புதுவருட லீவு அவசரம், செப்டம்பரை நம்புங்கள், பெற்றோரை அன்றைக்கு மட்டும் அரை மணித்தியாலம் பிந்தி வரச் சொல்லுங்கள், வந்தவர்களும் தடியைச் சுற்றி நிற்பார்கள்.

பழத்துக்கு உங்கள் காலி வீதியே போதும். தை மாதம் கடைகளில் யாழ்ப்பாணத்துப் பனங்கிழங்கு, வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், யூன், யூலையில் மல்வானை றம்புட்டான். தொட்டு, மணந்து, வெட்டி, விதையைப் பார்த்து, ருசித்து, பிறகு விதையை ஈரமண்ணில் போடலாம். ஒன்று கவனம்: றம்புட்டானை முழுதாகப் பிள்ளை வாயில் வைக்கவே கூடாது, வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையில் அடைக்கும். நீங்களே வெட்டிக் கொட்டையை எடுத்துவிட்டுத் துண்டாகக் கொடுங்கள்.

மகளை நேர்சரியில் மழையில் நனைய விடுகிறார்கள். தடிமன் வராதா டீச்சர்?
– ஒரு தாய், மட்டக்குளி

தடிமன் வைரசால் வருவது, மழைத்துளியால் இல்லை. அடைத்த அறையில் பிள்ளைகள் நெருங்கியிருந்தால்தான் அது இன்னும் எளிதாகப் பரவும். அதற்காக ஈர உடுப்போடு குளிரில் உட்கார வைக்கலாம் என்று இல்லை. பையில் ஒரு மாற்று உடுப்பும் துவாயும் கொடுத்து விடுங்கள், கால் மணித்தியாலம் விளையாடட்டும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே டீச்சரிடம் சொல்லி வைக்க வேண்டும். நான் பயப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று மின்னல்: ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி அதிகம், பெரும்பாலும் பின்னேரம்தான் என்றாலும் முழக்கம் கேட்டால் உடனே உள்ளே. மற்றது தெருவில் தேங்கி நிற்கும் வெள்ளம்: எலிக்காய்ச்சல் அதில்தான் வரும். சீமெந்து முற்றத்தில் புதிதாக விழுந்த மழையில் குதிக்கலாம், கானுக்கு (வடிகாலுக்கு) பக்கத்துத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

எங்கள் வகுப்பில் எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பொங்கல், வெசாக், ரமழான், நத்தார் எல்லாவற்றையும் பருவ அட்டவணையில் போடலாமா?
– ஆசிரியை, தெஹிவளை

எல்லாவற்றையும் கொண்டாடுங்கள், ஆனால் பருவத்தோடு எல்லாம் ஒட்டாது. ரமழான் வருடத்துக்கு வருடம் 10, 11 நாள் முன்னால் நகரும், அதைப் பிறைப் பாடமாக வையுங்கள், அழகாக இருக்கும். பொங்கலில் மதத்தைப் பற்றி யோசிப்பவர்களுக்கு நெல்லைக் காட்டுங்கள். செப்டம்பர், ஒக்டோபரில் விதைத்தது பெரும்போகம், ஏப்ரல், மேயில் விதைப்பது சிறுபோகம். ஒரு பேசினில் சேறு கலந்து ஒரு பிடி விதைநெல் தூவினால் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும், அதே நுளம்புக் கதைதான்.

மழை, காற்று என்று இப்படியே போனால் என் மகன் முதலாம் ஆண்டுக்குப் போகும்போது எழுதத் தெரியாமல் நிற்க மாட்டானா? பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் கொப்பி நிறைய எழுதுகிறது.
– ஒரு தகப்பன், வத்தளை

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கை நோவதை யாராவது கேட்டார்களா? காகிதத் துண்டைச் சரியான உயரத்துக்கு வெட்டுவது, ஈரமண்ணில் விதையை இரண்டு விரலால் பிடித்து வைப்பது, நேற்றையதோடு இன்றையதை ஒப்பிட்டு வாயால் சொல்வது, இவற்றில் பழகிய விரலும் வாயும்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் விடிய முன் அவனை எழுப்பி ஆறுமணிக் குருவி கத்துகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து ஒக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரல் வரை நிற்கும், மரம் உள்ள வளவுகளில் இருக்கும். வந்த திகதியைக் கலண்டரில் அவனே வட்டம் போடட்டும். அதுவும் எழுத்துதான்.

எங்கள் அப்பாவின் ஊரில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுவார்கள். கொழும்பில் ஏன் ஓகஸ்டில்? பாலர் வகுப்பில் எந்த மாதம் வைக்கலாம்?
– வாசகி, கொழும்பு 13

காற்றுதான் காரணம். வல்வெட்டித்துறைப் பக்கம் தையில் வாடைக்காற்று ஒரே சீராக இழுக்கும். காலி முகத்திடலில் யூலை, ஓகஸ்டில் சோளகம் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், அதனால் நூல் அறுந்தாலும் பட்டம் கரைப் பக்கம்தான் வரும், தையில் அறுந்தால் கடலுக்குத்தான். நீங்கள் ஓகஸ்டில் வையுங்கள். மூன்று வயதுக்கு ஈர்க்குக் குச்சியும் டிசு காகிதமும் பிடிபடாது, ஒரு பொலித்தீன் பைக்கு நூல் கட்டி ஓட விட்டாலே போதும். பருத்தி நூலாக எடுங்கள், நைலோன் பிஞ்சு விரலை அறுக்கும். ஓடி முடிந்ததும் பைகளை எண்ணித் திருப்பி வாங்குங்கள், ஒன்றும் கானுக்குள் போகக் கூடாது.