பட்டர்ஃப்ளை வீட் செடி குளிர்காலம் தாண்டி வருவதே இல்லை. சிகாகோ குளிரைத் தாங்காத ரகமா?

தாங்கும். அமெரிக்கப் புல்வெளிகளுக்கே உரிய செடி அது, மைனஸ் 30 டிகிரியிலும் வேர் பிழைத்துக் கிடக்கும். இரண்டு வருடமாக ஏப்ரலில் துளிர்க்காமல் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் அது துளிர்க்கவே துளிர்க்காது. உங்கள் பக்கம் மே நடுவிலோ கடைசியிலோதான் தலைகாட்டும். செத்துவிட்டது என்று தோண்டிப் போடுவதால்தான் பாதிச் செடிகள் சாகின்றன. இலையுதிர் காலத்தில் பழைய தண்டை ஒரு சாண் விட்டு வெட்டினால் இடம் தெரியும்.

நட்டது அந்தச் செடிதானா என்றும் பாருங்கள். இலையைக் கிள்ளினால் பால் வரக்கூடாது. எருக்கின் குடும்பத்து மில்க்வீட் வகைதான், ஆனாலும் இதில் பால் கிடையாது. இலையில் மெல்லிய ரோமம் இருக்கும், பூ பெரும்பாலும் ஆரஞ்சு நிறம். பால் வடிந்து, இலைகள் வழவழவென்று எதிரெதிராக இருந்து, பூ சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அது வெப்பமண்டல மில்க்வீட். தமிழ்நாட்டிலும் தானாகப் பரவிக் கிடக்கிற அதே செடி. உறைபனியில் அது போய்விடும். இரண்டையும் 'மில்க்வீட்' என்று ஒரே சீட்டு ஒட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர் தன்மேல்தான் பிழை என்று நினைத்துக்கொள்கிறார். தாவரவியல் பெயர் இல்லாத தொட்டியை வாங்காதீர்கள். சீட்டில் 'அஸ்கிளீப்பியஸ் டியூபரோசா' என்று இருக்க வேண்டும்.

சரியான செடியாக இருந்தும் சாகிறதென்றால் காரணம் ஈரம். கேரட் போலத் தடித்து ஆழமாக இறங்குகிற ஆணிவேர் அது. களிமண்ணில் பனி உருகித் தண்ணீர் நின்றால், வேரும் தண்டும் சேருகிற கழுத்தோடு அழுகிவிடும். ஓர் அடி ஆழம் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கவேண்டும். இறங்கவில்லையா? குழியில் மட்டும் மணலும் உரமும் போட்டு நடாதீர்கள். சுற்றிலும் களிமண் இருக்க, அந்தக் குழி கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பெருமணலும் சிறு சரளையும் கலந்த மண்ணை முக்கால் அடி முதல் ஓர் அடி உயரத்துக்கு அகலமான மேடாகக் குவித்து, அதன்மேல் நடுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். உரம் வேண்டாம், போட்டால் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். மரத்தூள் மூடாக்கைக் கழுத்தில் குவிக்காதீர்கள்.

நடுவது வசந்தத்தில். அக்டோபரில் நட்டால் வேர் பிடிக்குமுன் மண் உறைந்து உருகிச் செடியை மேலே தள்ளிவிடும். முதல் கோடையில் மழை இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை தண்ணீர், பிறகு அதுவும் தேவையில்லை. இடையில் ஒன்றரை அடி விடுங்கள். வேர் இறங்கிய செடியைப் பெயர்த்து நடுவது அநேகமாகக் கொல்வதுதான்.

விதையிலிருந்து வளர்ப்பதானால் ஈர மணலில் கலந்து 30 நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஆழமான தொட்டியில் கால் அங்குலத்தில் ஊன்றுங்கள். பூப்பது இரண்டாம் அல்லது மூன்றாம் வருடம். மஞ்சள் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். பூச்சிமருந்து அடித்தால் மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களும் சாகும், அவற்றுக்காகத்தானே பலரும் இதை வைக்கிறோம்.

மில்க்வீட் ஈரத்தில்தான் நன்றாக வரும் என்று இங்கே யாராவது எழுதுவார்கள். அவர்கள் சொல்வது சதுப்பு மில்க்வீட், இளஞ்சிவப்புப் பூ, வேறு இனம். மேடு போட முடியாதென்றால் அதையே வையுங்கள். களிமண்ணைப் பொறுத்துக்கொள்ளும், மோனார்க் அதிலும் முட்டையிடும்.