"இருபது வருடம் பார்த்த மனிதர்": மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் தெருவில் இருபது வருடமாக டியூஷன் எடுத்தவர், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் கைதாகியிருக்கிறார். கோயில் காரியம், சாவு வீடு எதுவானாலும் முன்னால் நிற்பவர். 'குடிதான் காரணம்' என்கிறார்கள் சிலர். 'பெண்டாட்டி ஊரில் இல்லை, அடக்க முடியாமல் செய்துவிட்டார்' என்கிறார்கள் வேறு சிலர். என் கணவரோ 'இது மனநோய்' என்கிறார். உண்மையில் இதெல்லாம் எதனால் வருகிறது, டாக்டர்? எனக்கு 15 வயதில் மகன் இருக்கிறான். அவனை நினைத்தும் பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி

பதில்: அந்த மனிதர் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். இப்படிச் செய்பவர்கள் ஏன் செய்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். உங்கள் தெருவில் பேசப்படும் மூன்று காரணங்களையும் நாடு முழுக்கக் கேட்கலாம். மூன்றிலும் பழி செய்தவரை விட்டு நழுவி, உடம்பு மேலோ சாராயத்தின் மேலோ நோயின் மேலோ போய் விழுகிறது.

முதலில் 'அடக்க முடியவில்லை' என்பது. பசியைப் போல, சிறுநீரைப் போல, உடலுறவு ஆசையையும் தீர்த்துக்கொள்ளாவிட்டால் ஆணின் உடம்பு தாங்காது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது தவறு. ஆசை எழும், தானாகவே தணியும். நிறைவேறாமல் போனால் எந்த உறுப்பும் பழுதாகாது. வளைகுடா நாடுகளில் வருடக்கணக்கில் மனைவியைப் பிரிந்து வேலை செய்யும் நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். தனிமை அவர்களை வாட்டுகிறது, ஆனால் அடுத்தவர் மேல் கை வைக்கச் சொல்வதில்லை. குற்றம் நடக்கும் விதத்தையும் கவனியுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்க்கிறார்கள். வெளியே சொல்லத் துணியாத பிள்ளையாகப் பார்க்கிறார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். மேலதிகாரியின் மகளை மட்டும் தொடுவதே இல்லை. கட்டுப்பாடு இழந்தவரால் இவ்வளவு கணக்குப் போட முடியாது.

பாலியல் குற்றம் செய்தவர்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மற்ற ஆண்களைவிடச் சராசரியாக அதிகம் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. அதனால்தான் 'ஊசி போட்டு ஆண்மையை எடுத்துவிடுங்கள்' என்ற கோரிக்கை மருத்துவரீதியாக நிற்பதில்லை. அந்த ஹார்மோனைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. குழந்தைகள் மீதான ஈர்ப்பு போன்ற, இயல்பிலிருந்து விலகிய பாலியல் ஈர்ப்பு விடாமல் துரத்தும் சிறு பிரிவினருக்கு, அவர்கள் சம்மதத்தோடும் மனநலச் சிகிச்சையோடும் கொடுத்தால் பயன் உண்டு. ஆனால் அந்த மருந்தால் எலும்பு மெலியும், நிறுத்தினால் ஆசை திரும்பும். கோபமும் ஆதிக்கமும் உள்ளே இருப்பவருக்கு ஹார்மோனைக் குறைத்தாலும் கை இருக்கிறது, பொருள்கள் இருக்கின்றன. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்புணர்வுக்கு ஆளான சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழுவும் 2013 ஜனவரி அறிக்கையில் இந்த யோசனையை ஏற்கவில்லை.

உங்கள் கணவர் சொல்லும் மனநோய்க்கு வருகிறேன். குற்றம் செய்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடுமையான மனநோய் எதுவும் இருப்பதில்லை. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்துவதும் இல்லை. சொல்லப்போனால், மனநோயும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ள பெண்கள்தான் இந்த வன்முறைக்கு எளிதில் இலக்காகிறார்கள். குழந்தைகள் மீதே நிலையான பாலியல் ஈர்ப்பு கொண்டவர்கள் இருக்கிறார்கள், அது மருத்துவம் அறிந்த கோளாறு. ஆனால் குழந்தையிடம் அத்துமீறும் எல்லோருக்கும் அது கிடையாது. கணிசமானோர் பெரியவர்களிடம் ஈர்ப்பு உள்ளவர்கள்தான். குழந்தை கைக்கு எட்டுகிறது, எதிர்க்காது, சொல்லாது. அது போதுமானதாக இருக்கிறது அவர்களுக்கு.

அப்படியானால் எதனால்? இதைச் செய்தவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். இலங்கை, வங்கதேசம், சீனா, கம்போடியா, இந்தோனேசியா, பப்புவா நியூ கினி ஆகிய ஆறு நாடுகளில் 18 முதல் 49 வயது வரையிலான 10,178 ஆண்களிடம் ஐ.நா. அமைப்புகள் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. 'வன்புணர்வு' என்ற சொல்லே கேள்வியில் கிடையாது. "அவளுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும், மனைவிதானே இணங்க வேண்டும் என்று எண்ணி உறவு கொண்டதுண்டா?", "போதையில் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருந்த பெண்ணோடு உறவு கொண்டதுண்டா?" என்ற வகையில் கேட்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் 'ஆம்' என்றார். பெயர் சொல்லிக் கேட்டால் மறுப்பார்கள், செயலைச் சொல்லிக் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். ஏனென்றால் தாங்கள் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தும் என்றே அவர்கள் நினைக்கவில்லை.

மனைவியோ காதலியோ அல்லாத பெண்ணிடம் அத்துமீறியவர்களிடம் காரணத்தையும் கேட்டார்கள், ஒருவர் பல காரணங்களைச் சொல்லலாம். 73 சதவீதம் பேர் சொன்னது, 'வேண்டும் என்று தோன்றியது, எடுத்துக்கொண்டேன்' என்பதன் ஏதோ ஒரு வடிவம். தனக்கு உரிமை இருக்கிறது என்ற எண்ணம். 59 சதவீதம் பேர் விளையாட்டாக, பொழுதுபோகாமல் என்றார்கள். 38 சதவீதம் பேர் கோபத்தால், தண்டிப்பதற்காக என்றார்கள். குடியைக் காரணம் காட்டியவர்கள்தான் எல்லாரிலும் குறைவு, 27 சதவீதம். பாதிப் பேருக்கு மேல் முதல்முறை செய்தது பதின்வயதில். உங்கள் மகனைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. போதையில் கவனம் சுருங்குகிறது. அவள் சிரித்தது தெரியும், பின்வாங்கியது தெரியாது. விளைவைப் பற்றிய பயமும் மழுங்குகிறது. ஆனால் குடி இல்லாத எண்ணத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் எண்ணத்துக்கு உள்ள தடையை எடுத்துவிடுகிறது. ஆண் குடித்திருந்தால் 'போதையில் தெரியாமல் செய்துவிட்டான்' என்று குற்றத்தைக் குறைக்கிறோம், பெண் குடித்திருந்தால் 'அவளுக்கு இது வேண்டியதுதான்' என்று அவள் மேல் பழியைக் கூட்டுகிறோம். ஒரே சாராயத்துக்கு இரண்டு தராசு வைத்திருப்பது நாம்தான்.

குழந்தைகள் விஷயத்தில் டேவிட் ஃபிங்கெல்ஹார் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1984-இல் சொன்ன நான்கு தடைகள் இன்றும் மிகவும் உதவுகின்றன. முதலில் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வர வேண்டும். பிறகு அவர் தன் மனசாட்சியைச் சமாதானப்படுத்த வேண்டும்: 'பாசத்தில்தானே தொடுகிறேன்', 'அவளுக்கு விவரம் தெரியாது'. மூன்றாவதாகப் பெரியவர்களின் கண்காணிப்பைத் தாண்ட வேண்டும். கடைசியில் குழந்தையின் எதிர்ப்பை. உங்களைக் குழப்பும் 'நல்ல மனிதர்' எங்கே வருகிறார் என்று இப்போது தெரியும். மூன்றாவது தடையைத் தாண்ட நல்ல பெயரைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஊர்க் காரியத்தில் முன்னால் நிற்பவர்களெல்லாம் சந்தேகத்துக்குரியவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நற்பெயரைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பிள்ளையை மட்டும் கடைசிவரை உட்கார வைப்பது, தனியாகப் பரிசு கொடுப்பது, 'அம்மாவிடம் சொல்லாதே' என்று சின்ன ரகசியங்களில் பழக்குவது, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக்கொடுப்பது இவைதான் பார்க்க வேண்டியவை. எங்கே டியூஷன் அனுப்பினாலும் கதவு திறந்திருக்கட்டும், பெற்றோர் யாரும் எப்போதும் உள்ளே வரலாம் என்பது முதல் நாளே பேசி முடிவாகட்டும். நல்ல ஆசிரியர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

முகம் தெரியாத ஆள், இருட்டுச் சந்து என்ற படமும் உண்மைக்கு வெகுதூரம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் பெண்ணுக்குத் தெரிந்தவர். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன மணமான பெண்களில் 82 சதவீதம் பேர் கைகாட்டியது இப்போதைய கணவரை. மனைவிக்கு 18 வயதாகிவிட்டால் கணவர் கட்டாயப்படுத்துவது வன்புணர்வு ஆகாது என்கிறது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்கு. உரிமை இருக்கிறது என்ற எண்ணத்துக்குச் சட்டமே இடம் கொடுத்து வைத்திருக்கிறது என்பது என் கருத்து. வர்மா குழு அதை நீக்கச் சொன்னது.

'ஏன் கத்தவில்லை?' என்ற கேள்வியும் உங்கள் தெருவில் வந்திருக்கும். ஆபத்தில் உடம்பு ஓடும், எதிர்க்கும், அல்லது உறைந்துபோகும். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசரச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களில் 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோயிருந்தார்கள் என்று 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கையும் குரலும் வேலை செய்யாது. அதைச் சம்மதம் என்று படிப்பது மருத்துவ அறியாமை.

'சின்ன வயதில் பாதிக்கப்பட்டவன் பெரியவனாகி அதையே செய்வான்' என்பதையும் நம்பாதீர்கள். பாதிக்கப்பட்ட பையன்களின் வாயை அடைப்பதே இந்தப் பயம்தான். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான 224 ஆண்களை லண்டனில் 7 முதல் 19 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 26 பேர் பின்னாளில் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். ஆபத்தைக் கூட்டியவை கவனிப்பாரற்ற வளர்ப்பு, வீட்டில் கண்முன் நடந்த கடும் அடிதடி போன்றவை. மிருகங்களை வதைக்கும் பழக்கமும் பின்னாளில் குற்றம் செய்த அவர்களிடம் சிறுவயதில் அதிகம் இருந்தது.

இனி உங்கள் மகன். சுயஇன்பம், பெண்களைப் பற்றிய நினைப்பு, இணையத்தில் தேடிப் பார்ப்பது ஆகியவை 15 வயதில் வழக்கமானவை. அவற்றுக்காக அடித்தால் உங்களிடம் பேசுவதை நிறுத்துவான். ஆனால் ஆபாசப் படங்களில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை, 'வேண்டாம்' என்றால் நிறுத்துவதில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். உட்கார வைத்துப் பாடம் எடுக்க வேண்டாம். பாத்திரம் கழுவும்போது, வண்டியில் போகும்போது ஐந்து நிமிடம் போதும். "ஒருத்தி பதில் சொல்லாமல் இருந்தால் அது 'சரி' இல்லை." "முன்பு சரி என்றவள் இப்போது வேண்டாம் என்றால், வேண்டாம்தான்." "18 வயது ஆகாதவர் சம்மதித்தாலும் சட்டத்தின் முன் அது சம்மதம் ஆகாது, உனக்கும் சேர்த்துத்தான்." இதை அப்பாவும் சொல்ல வேண்டும். வீட்டில் அம்மா வேண்டாம் என்றது மதிக்கப்படுவதை அவன் பார்க்காவிட்டால் மேலே சொன்ன மூன்று வாக்கியமும் வீண். அவனுடைய நண்பர் குழுவையும் கவனியுங்கள். வகுப்புப் பெண்களின் படத்தைப் பகிர்ந்து மார்க் போடும் குழுவில் வாய் மூடி இருப்பவனும் அதில் பங்காளிதான். வெளியே வர அவனுக்கு உதவி வேண்டியிருக்கும்.

தன்னைவிட மிகச் சிறிய குழந்தைகளோடு தனியே இருக்கத் தேடுவது, குளியலறையில் ரகசியமாகப் படம் எடுப்பது, மறுத்தபிறகும் ஒருத்தியைப் பின்தொடர்வது இவற்றைக் கண்டால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். இந்த வயதில் தவறு செய்த பையன்களில் பெரும்பாலோர் மீண்டும் செய்வதில்லை.

வயதுவந்தவர்களில் யாருக்காவது தன் எண்ணத்தைப் பார்த்தே பயம் வந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம். சிலருக்கு அது ஆசையாக இருக்காது. 'செய்துவிடுவேனோ' என்று அருவருப்போடு திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கும், மருந்துக்கு நன்றாகக் கேட்கும். உண்மையான ஈர்ப்பாக இருந்தாலும் சிகிச்சை உண்டு. எண்ணம் குற்றம் இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்தது தெரிந்தால் போக்சோ 19-ஆம் பிரிவின்படி மருத்துவரும் தெரிவித்தாக வேண்டும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. சிகிச்சை என்ற பெயரில் நடப்பதெல்லாம் பலன் தராது என்பதும் உண்மை. இங்கிலாந்துச் சிறைகளில் பல ஆண்டுகள் நடந்த குழுச் சிகிச்சையை 2017-இல் மதிப்பிட்டபோது, எடுத்தவர்களில் 10 சதவீதமும் எடுக்காதவர்களில் 8 சதவீதமும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று, அவசரமானது. அவரிடம் படித்த மற்றப் பிள்ளைகள் யாராவது உங்களிடம் ஏதாவது சொன்னால் நோண்டிக் கேட்காதீர்கள், "சொன்னது நல்லது, நான் நம்புகிறேன்" என்று சொல்லி 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்க முடியும், 28 நாள் சாப்பிட வேண்டும். பூப்படைந்த பெண்ணானால் கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் அதற்குள் கொடுப்பது நல்லது. எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, காசு வாங்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். புகார் கொடுத்த பிள்ளையின் பெயரோ படமோ வீட்டு அடையாளமோ உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தால், போட்டவரிடம் சொல்லி இன்றே அழிக்கச் சொல்லுங்கள். அதைப் பரப்புவதும் தண்டனைக்குரியது.