ராணுவ நர்ஸ் வேலையும் கல்விக்கடனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கல்விக்கடன். ராணுவத்தில் நர்ஸாகச் சேர்ந்தால் கடனை அரசாங்கமே கட்டிவிடும் என்கிறார்களே, நிஜமா?
- ஒரு தந்தை, பாலக்கோடு

பதில்: நிஜமில்லை. ராணுவ நர்சிங் சேவையில் சேருகிறவரின் வங்கிக்கடனை அடைத்துக் கொடுக்கும் திட்டம் நம் நாட்டில் கிடையாது. ‘கடன் தள்ளுபடியோடு வேலை’ என்று யாராவது பணம் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கிடைப்பது நல்ல சம்பளம். லெப்டினன்டாகச் சேருகிறார்கள். அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 10,800 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. கடனை இதில்தான் அடைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது, ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. ஆக 1,40,000 ரூபாய். முதல் தவணை தொடங்கும்போது பாக்கி நான்கு லட்சமல்ல, 5,40,000. பல வீடுகளில் வங்கிமேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இதைப் பத்து வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் 7,140 ரூபாய், மொத்தம் எட்டரை லட்சத்துக்கு மேல். ஐந்து வருஷத்தில் என்றால் மாதம் சுமார் 11,470, மொத்தம் 6.88 லட்சம். ஐந்து வருஷக் கணக்கையே எடுங்கள் என்போம். வெளியே படித்தவர்கள் ராணுவ நர்ஸாகச் சேருகிற குறுகிய காலப் பணி முதலில் ஐந்து ஆண்டுக்குத்தான். நீட்டிப்பு கிடைக்கலாம், ஆனால் அதை நம்பித் தவணையை இழுக்கக் கூடாது.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு நான்கரை லட்சத்துக்குள் இருந்து, படிக்கும்போதே வருமானச் சான்றிதழோடு மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தால், அந்த 1,40,000 உங்கள் தலையில் விழுந்திருக்காது. மானியம் வரவு வைக்கப்பட்டதா என்று கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். வங்கிக் கிளையில் சரியான பதில் இல்லையென்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: ராணுவ நர்ஸ் தேர்வு அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். அதற்குள் தவணை தொடங்கிவிட்டது. வேலை கிடைத்த பிறகு சேர்த்துக் கட்டலாமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கூடாது. 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்பா இணைக்கடனாளி என்பதால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். நாளைக்கு அவர் டிராக்டர் கடன் கேட்டுப் போனால் அங்கே இது வந்து நிற்கும். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இடமுண்டு. முதல் தவணை தவறுவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, கடிதத்தின் நகலில் வங்கி முத்திரை வாங்கி வையுங்கள். அதுவரை தருமபுரியிலோ ஓசூரிலோ தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்து வட்டியையாவது கட்டிவருவது நல்லது.

இன்னொன்று: வேலையில் சேர்ந்ததும் சம்பளக் கணக்கு மாறும். தவணைக்கான தானியங்கிப் பற்று (ஆட்டோ டெபிட்) பழைய கணக்கிலேயே இருக்கும். அங்கே பணம் இல்லாமல் திரும்பும், குறுஞ்செய்தி அப்பா போனுக்குப் போகும், நீங்கள் எங்கோ வடக்கே பணியில் இருப்பீர்கள். முதல் சம்பளம் வந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கடனே இல்லாமல் ராணுவ நர்ஸ் ஆக வழி உண்டா?
- ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: உண்டு, எங்களைக் கேட்டால் இதுதான் முதல் வழி. ராணுவமே நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிகளில் மொத்தம் 220 இடங்கள். அதில் 40 நமக்குப் பக்கத்தில் பெங்களூரு விமானப்படை கமாண்ட் மருத்துவமனையில். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம், பதிலுக்கு, படித்து முடித்து ராணுவத்தில் வேலை செய்வேன் என்று பணிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பாதியில் விலகினால் பணம் கட்ட நேரிடும். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். நீட் எழுதியே ஆக வேண்டும். ‘நர்சிங்குக்கு எதற்கு நீட்’ என்று விட்டுவிடுவதால்தான் இங்கே பலருக்கு இந்தக் கதவு அடைபடுகிறது.

கேள்வி: அமெரிக்க ராணுவம் நர்ஸ்களின் கல்விக்கடனை அடைக்கிறதாமே? நான் அங்கே போகத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன்.
- ஒரு செவிலியர், ஓசூர்

பதில்: அடைக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டால் ஆண்டுதோறும் ஒரு தொகையை நேராகக் கடன் கொடுத்தவருக்கே செலுத்துகிறார்கள், வருமான வரியைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அங்கே ராணுவ நர்ஸ் என்பவர் அதிகாரி. முழுநேர ராணுவத்தில் அந்தப் பதவிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு வாங்கியபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே பொதுவாக ஐந்து வருஷம் ஆகும். அதற்குள் ஓசூர் வங்கியில் உங்கள் தவணைக்காலமே முடிந்துவிடலாம்.