பழைய ஃபஸ் பெடலுக்குப் புதிய போர்டு வாங்கலாமா?

கேள்வி: 1960களின் கடைசியில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற, கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள வகை. சத்தம் விட்டு விட்டு வருகிறது. திறந்து பார்த்தால் சர்க்யூட் போர்டில் மூன்று இடங்களில் செம்புத் தடம் பெயர்ந்து நிற்கிறது. யாரோ பலமுறை சால்டர் வைத்திருக்கிறார்கள். அசலைப் போலவே இருக்கும் என்று சொல்லி ஒருவர் வெறும் போர்டு விற்கிறார். அதை வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா, அல்லது நானே அளவெடுத்துச் செய்யக் கொடுக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். தடம் பெயர்ந்துவிட்டதாலேயே போர்டு வீணாகிவிட்டது என்று ஆகாது. அந்தக் காலத்துப் பழுப்பு நிறப் போர்டுகள் பீனாலிக் பிசினில் ஊறிய காகிதத்தால் ஆனவை. செம்பு அதன்மேல் பசையால் ஒட்டியிருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சூடு பட்டால் பசை விட்டுவிடும், தடம் தூக்கிக்கொள்ளும். மூன்று இடம்தான் என்றால் மெல்லிய கம்பியை ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு இழுத்துப் பற்றவைத்தாலே போதும். மல்டிமீட்டரில் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாசித்துப் பாருங்கள். நான் முதலில் இதைத்தான் செய்வேன்.

போர்டு குறுக்கே விரிசல் விட்டிருந்தாலோ, கருகியிருந்தாலோ புதியது வேண்டும். கருகிய இடம் கரியாகி, போகக் கூடாத இடத்துக்கு மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். அதற்கு ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

அப்படி வாங்க நேர்ந்தால், ‘அசலைப் போலவே’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இந்தப் பெடல் 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனத்திலிருந்து வந்தது. கொஞ்ச காலத்திலேயே சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு மாறினார்கள். ஆகவே எந்த வகைக்கான போர்டு என்று முதலில் கேளுங்கள். டிரான்சிஸ்டரில் மின்சாரம் எதிரெதிர் திசையில் ஓடும் பிஎன்பி, என்பிஎன் என்று இரண்டு வகை உண்டு. உங்கள் ஜெர்மானியம் பிஎன்பி வகையாக இருக்கும். சிலிக்கானில் பெரும்பாலும் வரும் என்பிஎன் வகையில் பேட்டரி இணைப்பும் மின்கெப்பாசிட்டர்களின் (பிளஸ், மைனஸ் பார்த்துப் பொருத்தும் எலக்ட்ரோலிட்டிக் வகை) திசையும் தலைகீழ். அப்புறம் திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்றைய சிறிய கெப்பாசிட்டர்களுக்கு என்று துளை போட்ட போர்டில் உங்கள் பழைய நீளமான பாகங்கள் உட்காராது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

நீங்களே செய்யக் கொடுப்பதும் கடினமில்லை. போர்டில் இருப்பது 4 ரெசிஸ்டர், 3 கெப்பாசிட்டர், 2 டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். பாகங்களைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு போர்டை ஓர் அளவுகோலோடு சேர்த்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கிகாட் போன்ற இலவச மென்பொருளில் அதன்மேலேயே வரையலாம். செம்புப் பக்கத்தை ஸ்கேன் செய்தால் அது பாகங்கள் பக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். திருப்பாமல் அனுப்பிவிட்டால் டிரான்சிஸ்டரின் கால்கள் இடம் மாறிய போர்டுதான் வந்து சேரும். அதனால் வரைந்ததை உண்மையான அளவில் தாளில் அச்சடித்து, வெட்டி, பழைய போர்டின்மேல் வைத்து ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் வேண்டாம். பொதுவாகக் குறைந்தது 5 போர்டுகள் எடுக்கச் சொல்வார்கள், ஒரு பிழை ஐந்திலும் வரும். 1.6 மில்லிமீட்டர் தடிமன், 35 மைக்ரான் செம்பு, கண்ணாடியிழைப் போர்டு என்று கேட்டால் போதும்.

சத்தம் மாறிவிடுமோ என்று கவலைப்படுகிறீர்கள் என்றால், அது போர்டில் இல்லை. அந்த இரண்டு டிரான்சிஸ்டரில் இருக்கிறது. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. கழற்றும்போது காலை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு, சூட்டை அது வாங்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். புதிய போர்டில் அவற்றை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் வைத்துச் செருகுவது நல்லது. மின்கெப்பாசிட்டர்கள் வறண்டிருந்தால் அவற்றை மட்டும் மாற்றுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். எல்லாம் முடிந்ததும் இரண்டாவது டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் கலெக்டர் என்ற காலில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரி 9 வோல்ட் என்றால் அங்கே 4.5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

கேள்வி: போர்டு மாற்றிய பெடலைப் பின்னால் விற்றால் மதிப்புக் குறையுமா?

பதில்: குறையும். அதனால்தான் கம்பி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய போர்டையும் கழற்றிய பாகங்களையும் ஓர் உறையில் போட்டுப் பெடலோடு வையுங்கள். புதிய போர்டில் அந்தக் கம்பெனியின் பெயரை அச்சிடாதீர்கள், மாற்றிய வருடத்தைப் போடுங்கள். வாங்க வருபவரிடம் திறந்து காட்டி, எது புதிது எது பழையது என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.