கோஸ்பல் கீபோர்டு: 61 கீயா, 88 கீயா?

கேள்வி: சபையில் மூன்று வருடமாக 61 கீ உள்ள கீபோர்டில் ரிதம் போட்டு வாசிக்கிறேன். அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளில் கேட்கும் கோஸ்பல் பாணியை நானாகவே கற்க ஆசை. கடைக்காரர் 600 ரிதம் உள்ள புது மாடலைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோஸ்பலில் நடையைத் தாங்குவது உங்கள் இடது கைதான். ஆட்டோ ரிதம் ஓடும்போது அந்தக் கை ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) அழுத்திக்கொண்டு நிற்கும். பேஸில், அதாவது கீழ்ச் சுரங்களில், நடக்கக் கற்கவே கற்காது. இப்போது இருக்கும் கீபோர்டிலேயே ரிதத்தை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

உங்கள் காது தேடுவது பியானோவையா, ஆர்கனையா? இதைத் தீர்மானித்த பிறகு கடைக்குப் போனால் போதும். சிகாகோவில் ப்ளூஸ் பியானோ வாசித்துவந்த தாமஸ் டோர்சி 1930-களில் அந்த நடையை ஆலயப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஹாமண்ட் ஆர்கன் 1935-இல் அதே ஊரில் விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் விரல் வேலை வேறு. ஹாமண்டின் ஒவ்வொரு கீ வரிசையிலும் 61 கீதான். எவ்வளவு அழுத்தி அடித்தாலும் சத்தம் அதிகமாகாது, கால் பெடல்தான் கூட்டும். உள்ளங்கையால் கீக்களை வழித்து இழுக்க லேசாக அழுங்கும் எடையில்லாத கீதான் தோது. ஆகவே ஆர்கன் ஆசைக்கு உங்கள் பழைய 61 போதும். ட்ராபார் (ஆர்கனின் ஒலியைக் கலக்க இழுக்கும் தண்டு) உள்ள ஆர்கன் செயலி ஒன்றை யூஎஸ்பி வழியாக இணையுங்கள். ட்ராபார் ஒன்பதில் முதல் மூன்றை முழுக்க இழுத்து, மற்றவற்றை மூடி வையுங்கள். ஆராதனை உச்சத்துக்குப் போகும்போது ஒன்பதையும் இழுக்கலாம்.

பியானோ என்றால் நிஜப் பியானோ போலக் கனமாக அழுங்கும், எடையுள்ள 88 கீ வாங்குங்கள். யமஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110 இரண்டிலும் பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள், 64. ரோலண்ட் எஃப்பி-10-இல் 96. பியானோவோடு ஸ்ட்ரிங்ஸையும் சேர்த்துப் பெடலை அழுத்தினால் ஒரு கீக்கே இரண்டு மூன்று குரல் செலவாகும். 64-இல் பழைய சுரங்கள் அறுந்துபோவது காதில் படும். சபையில் அப்படி அடுக்கி வாசிப்பவர் 96 பக்கம் போவது நல்லது.

பெட்டியோடு சின்னத் தட்டுப் பெடல் வந்தால் மாற்றிவிடுங்கள், தரையில் வழுக்கும். பெடல் தலைகீழாக வேலை செய்தால் பழுது என்று பயப்பட வேண்டாம். ஆன் செய்யும்போது கால் அதன்மேல் இருந்திருக்கும். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது? ஸ்கேலை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனை வைத்தே சமாளிக்கிறேன்.

பதில்: இந்த ஒரு நடையில் ஒரு மாதம் இருங்கள். சி ஸ்கேலில் இடது கை ஒற்றை விரலில் சி, இ, எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஏ, டி, ஜி, சி என்று நடக்கட்டும். வலது கை வரிசையாக: ஜி-சி-இ, ஜி-பி ஃபிளாட்-சி, ஏ-சி-எஃப், ஏ-சி-இ ஃபிளாட், ஜி-சி-இ, ஜி-சி ஷார்ப்-இ, எஃப்-ஏ-சி, எஃப்-ஏ-பி, இ-ஜி-சி. ஏழாவதிலிருந்து எட்டாவதுக்குப் போக ஒரே விரல் நகர்வதைப் பாருங்கள். கோஸ்பல் கையின் ரகசியமே இந்தச் சின்ன நகர்வுதான். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று எண்ணுங்கள்.

வழக்கமாகக் குழம்புவது எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்குப் போகும் இடம். பெடலை முன்கூட்டியே அழுத்தினால் இரண்டு பேஸும் கலந்து சேறாகிவிடும். ஜி ஒலித்த பிறகு பெடலை விட்டு மறுபடி பிடியுங்கள். பேஸ் கிட்டார் இருக்கும் சபையில் இடது கையை ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றுங்கள்.

அந்த பேஸ் நடையை, ஸ்கேலில் எத்தனையாவது சுரம் என்ற எண்ணாக மனதில் வையுங்கள்: 1, 3, 4, 4 ஷார்ப், 5, 6, 2, 5, 1. பிறகு ஏ ஃபிளாட், டி ஃபிளாட், இ ஃபிளாட் ஸ்கேல்களுக்கு மாற்றுங்கள்; கோஸ்பலில் இவை அடிக்கடி வரும். பாடகர் ஒவ்வொரு சுற்றிலும் அரைக் கட்டை ஏற்றிக்கொண்டே போவதும் அங்கே சகஜம். அப்போது பட்டனைத் தேட நேரம் இருக்காது.

கேள்வி: ஆன்லைன் வகுப்புக்கு வருடச் சந்தா கட்டலாமா?

பதில்: முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். இரண்டு கையும் தெரியும்படி மேலிருந்து எடுத்த படமா, மெதுவாக வாசித்துக் காட்டுகிறார்களா, கார்டுகளை எண்ணால் சொல்கிறார்களா என்று இலவசப் பாடத்திலேயே பார்த்துவிடலாம். ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால், பணம் எடுக்கக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தி வந்ததுமே ரத்து செய்யலாம். ஆன்லைனில் வாங்கிய கீபோர்டு பழுதாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ வந்தால், விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.