ஓகேனக்கல் பாறை ஏன் இவ்ளோ கருப்பா வந்துச்சு?

கேள்வி: ஓகேனக்கல்ல எடுத்த போட்டோவ எல்லாம் புக்கா போடலாம்னு ஆன்லைன்ல முதல்ல ஒரே ஒரு காப்பி ஆர்டர் பண்ணேங்க. லேப்டாப்ல பளிச்சுனு இருந்த படம் புக்குல இருட்டடிச்சுப் போச்சு, பரிசல்காரருக்குப் பின்னாடி இருக்கிற ஈரப்பாறை வெறும் கருப்பா தெரியுது, நீல வானம் கத்திரிப்பூ கலருக்கு வந்துருச்சு. சிஎம்ஒய்கேக்கு, அதாவது பிரஸ்ஸோட நாலு மை கலர் முறைக்கு, மாத்தி அனுப்பியிருக்கணுமா?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: மாத்தாதீங்க, அவசரமே வேண்டாம். உங்களுக்கு வந்திருக்கிறது ரெண்டு தனித்தனி பிரச்சனைங்க.

இருட்டுக்கு காரணம் பெரும்பாலும் லேப்டாப் ப்ரைட்னஸ்தான். ஸ்க்ரீன் தானா ஒளி விடுது, பேப்பர் மேல விழுற வெளிச்சத்த மட்டும்தான் திருப்பித் தருது, ஃபுல் ப்ரைட்னஸ்ல எடிட் பண்ணும்போது படம் போதுமான வெளிச்சத்தோட இருக்கிற மாதிரியே தெரியும், அதனால நிழல ஏத்தாம விட்டுடுவோம். பிரிண்ட் வேலைக்கு ஸ்க்ரீன் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80லருந்து 120 கேண்டெலா (வெளிச்சத்த அளக்கிற அலகு) போதும்னு வச்சுக்குவாங்க. அளக்கிற கருவி இல்லன்னா கவலைப்படாதீங்க, கையில இருக்கிற அந்த புக்கே போதும்: பகல்ல நேர் வெயில் படாத ஜன்னல் ஓரமா விரிச்சு வச்சு, அதே படத்த ஸ்க்ரீன்ல தெறந்து, ரெண்டும் ஒத்து வர்ற வரைக்கும் ப்ரைட்னஸ கொறைங்க. அந்த அளவுல வச்சே பாறையோட ஷேடோஸ ஏத்துங்க, வெடிப்பும் ஈரமும் பிரிஞ்சு தெரியணும்.

வானம் வேற கதை. பிரஸ்ல நீலம்னு தனி மை கிடையாது, சயானும் மெஜந்தாவும் சேர்ந்துதான் நீலம், அதுல ஸ்க்ரீன் காட்டுற அடர் நீலம் வரவே வராது, ஊதா பக்கம் சாயும். உங்க பக்கத்து கிருஷ்ணகிரி மாம்பழ மஞ்சள் அழகா வரும், ஏன்னா மஞ்சளுக்கு தனி மை இருக்கு. பிரிண்ட் கம்பெனி ஐசிசி ப்ரொஃபைல் (அவங்க மெஷின், பேப்பர்ல கலர் எப்படி வரும்னு சொல்ற ஃபைல்) குடுத்தா லைட்ரூம்லயோ போட்டோஷாப்லயோ சாஃப்ட் ப்ரூஃப், அதாவது பிரிண்ட் எப்படி வரும்னு ஸ்க்ரீன்லயே காட்டுற வசதி, போட்டுப் பாத்து, வானத்தோட சாச்சுரேஷன (கலரோட அடர்த்திய) கொறைச்சு ஹியூவ (கலர் சாயல) லேசா சயான் பக்கம் தள்ளுங்க.

சிஎம்ஒய்கே ஏன் வேண்டாம்னா, மெஷினுக்கு மெஷின், பேப்பருக்கு பேப்பர் ப்ரொஃபைல் மாறும், நாம ஒண்ணுக்கு மாத்தி அனுப்ப அவங்க இன்னொண்ணுக்கு மாத்துவாங்க, கலர் ரெண்டு தடவ அடிபடும். அவங்களே சிஎம்ஒய்கே பிடிஎஃப் கேட்டா மட்டும் அவங்க சொல்ற ப்ரொஃபைல்ல, மை அளவுக்கு வச்சிருக்கிற லிமிட்டுக்குள்ள குடுங்க. மத்தபடி ஸ்க்ரீனுக்கு வழக்கமான கலர் முறையான எஸ்ஆர்ஜிபிலயே, ப்ரொஃபைல படத்துக்குள்ளயே சேத்து (எம்பெட் பண்ணி) அனுப்புங்க. கேமரா அடோப் ஆர்ஜிபில (எஸ்ஆர்ஜிபிய விட அகலமான கலர் முறை) இருந்து, ப்ரொஃபைல எம்பெட் பண்ணாம போச்சுன்னா சிஸ்டம் அத எஸ்ஆர்ஜிபின்னே எடுத்துக்கும், எல்லாமே வெளிறிப்போகும்.

மறுபடியும் ஒரே காப்பி போடுங்க, அதே பேப்பர்ல. மேட் (மினுமினுப்பு இல்லாத) பேப்பர்ல பாத்துட்டு க்ளாஸி (பளபளப்பான) பேப்பர்ல மொத்தமா ஆர்டர் பண்ணா கருப்போட அழுத்தம் மாறிடும்.