வலை கட்டினால் சுறா வராதா? சிட்னிக் கடற்கரை கேள்வி பதில்

சிட்னியில் ஒரு பீச்சில் வார இறுதிகளில் தன்னார்வ உயிர்காப்பாளராக நிற்கிறேன். வெயில் ஏறினால் போதும், நம்மவர்கள் கேட்பதெல்லாம் சுறாவைப் பற்றித்தான். சரி, எல்லாவற்றையும் மொத்தமாகக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

நிரோஷன்: அண்ணா, வலை கட்டின பீச்சில்தானே பிள்ளைகளை இறக்குகிறோம், அப்புறம் என்ன பயம்?

தம்பி, அது வேலி இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அடைத்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு வலை 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி, 10 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள இடத்தில் போடுவார்கள், அதனால் மேலேயும் கீழேயும் இடைவெளி, இரண்டு பக்கமும் திறந்த கடல். 1937-இல் தொடங்கிய ஏற்பாடு இது. கரையோரம் சுற்றும் பெரிய சுறாக்களைப் பிடித்துக் குறைப்பதுதான் நோக்கம், தடுப்பது அல்ல. மாட்டிய சுறாக்களில் ஏறக்குறைய 40 சதவீதம் வலையின் கரைப் பக்கத்தில் மாட்டியவை, அதாவது நம் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது! ஆமை, டால்பின், திருக்கை எல்லாம் கூடவே சாகின்றன.

செல்வி: அப்படியானால் எதைத்தான் நம்புவது?

கண்ணை. ட்ரோன் பறக்கிற பீச்சாகப் பார்த்துப் போங்கள். ஒரு காலை ட்ரோன் திரையில் நீளமாக ஒரு கறுப்பு நிழல், சைரன் பொத்தானில் கை வைத்தாயிற்று, கீழே இறக்கிப் பார்த்தால் பெரிய திருக்கை ஒன்று சாவகாசமாகப் போகிறது. பரவாயில்லை, அப்படி நூறு முறை ஏமாறலாம். இன்னொன்று ஸ்மார்ட் டிரம்லைன். தூண்டிலில் சுறா கடித்து இழுத்ததும் படகுக்காரர்களுக்குச் செய்தி போய்விடும், அவர்கள் வந்து அடையாளக் கருவி பொருத்தி, கரையிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்தச் சுறா பிறகு, கருவியின் ஒலியைப் பிடிக்கிற மிதவை பக்கம் வந்தால் ஷார்க்ஸ்மார்ட் செயலியில் தெரியும். கருவி பொருத்தாத சுறா தெரியாது, அதையும் மறக்க வேண்டாம்.

ரமேஷ்: கேப் டவுனில் மலைமேல் ஆள் உட்கார்ந்து பார்க்கிறார்களாமே?

ஆமாம், 2004 முதல். பச்சைக் கொடி என்றால் தண்ணீர் நன்றாகத் தெரிகிறது, சுறா தென்படவில்லை. சிவப்பு, உஷார். வெள்ளையில் சுறா படம் போட்ட கொடியும் சைரனும் வந்தால் உடனே கரையேற வேண்டும். எனக்குப் பிடித்தது கறுப்புக் கொடி: தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிற கொடி.

பெயர் வேண்டாம்: மாதவிடாய் நேரத்தில் இறங்கலாமா?

தாராளமாக. அதனால் சுறா வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கஜன்: டால்பின் இருந்தால் சுறா இருக்காதுதானே?

கதை. இரண்டும் ஒரே மீன்கூட்டத்தைத் தேடித்தான் வருகின்றன. பறவைகள் கூட்டமாகக் கடலில் விழுந்து மீன் கொத்துகிற இடம், பெருமழைக்குப் பிந்திய கலங்கல் தண்ணீர், ஆற்று முகத்துவாரம், விடியலும் அந்தியும் — இவற்றை விடுங்கள். கலங்கலில் காளைச் சுறா சர்வ சாதாரணமாக நடமாடும்.

செல்வி: கடித்துவிட்டால்?

பெரும்பாலும் உயிர் போவது ரத்தம் போவதால்தான். ஆளைக் கரைக்கு இழுத்ததும், ஆம்புலன்சுக்குக் காத்திராமல், கை காலில் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுங்கள், வேறொன்றும் இல்லையென்றால் சர்ஃப் பலகையின் கால்கயிற்றையாவது பயன்படுத்துங்கள். ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். வலிக்கிறது என்று அவர் கத்துவார், தளர்த்தாதீர்கள்.

குமார், சென்னை: எங்கள் மெரினாவில் சுறா பயம் உண்டா அண்ணா?

மெரினாவில் ஆளைக் கொல்வது அலையும் இழுப்பும்தான் தம்பி. இங்கேயும் கதை அதுவே. ரிப் எனும் நீரோட்டம் இழுத்துப் போய் இறப்பவர்கள் சுறாவுக்கு இறப்பவர்களைவிடப் பல மடங்கு. உயிர்காப்பாளர்கள் காவல் நிற்கிற சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே நெரிசல் என்று, பக்கத்தில் அலை உடையாமல் சாந்தமாகத் தெரிகிற இடத்தில் போய்க் குடும்பத்தோடு இறங்குவார்கள். அந்தச் சாந்தமான பட்டைதான் ரிப்.